ஒட்டும் இடம் தெரியும், ஒட்டுவது எது? விலங்குகளின் படியெடுப்புக் காரணி மரபணுக்களைத் தேடிப் பிடித்த வழிகள்

1969-இல் ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் எலியின் ஈரலிலும் கடல் முள்ளெலியின் கருவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும், அதாவது படியெடுக்கும், நொதி அது. நொதியே கையில் கிடைத்துவிட்ட பிறகு, விலங்கின் மரபணு எப்படி இயங்குகிறது என்பதைச் சோதனைக்குழாயிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். நடந்தது வேறு. நன்றாகச் சுத்தம் செய்த பாலிமரேஸை வெறும் டி.என்.ஏ.வோடு சேர்த்தால், மரபணு எங்கே தொடங்குகிறது என்று பாராமல் அது கண்ட இடத்தில் எழுத ஆரம்பித்தது. செல்லை உடைத்து எடுத்த கச்சாச் சாற்றையும் சேர்த்த பிறகுதான் சரியான இடத்தில் தொடங்கியது. சுத்தம் செய்யும்போது அழுக்கென்று ஒதுக்கியதில்தான் விஷயமே இருந்திருக்கிறது.

அந்தச் சாற்றில் இருந்தவைதான் படியெடுப்புக் காரணிகள். டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்துவரிசையைக் கண்டு அதன்மேல் ஒட்டி, அருகிலுள்ள மரபணுவை எப்போது, எந்தச் செல்லில், எவ்வளவு படியெடுக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் புரதங்கள். நரம்புச் செல்லுக்கும் தசைச் செல்லுக்கும் ஒரே மரபணுத் தொகுதி இருந்தும் அவை வேறு வேறாக இருப்பதற்குப் பெருமளவில் இவையே காரணம். இந்தப் புரதங்களும் மரபணுக்களிலிருந்தே உருவாகின்றன. அந்த மரபணுக்களை எப்படித் தனித்தெடுத்தார்கள், எடுத்த பின் அவற்றின் வேலையை எப்படி அறிந்தார்கள் என்பதே இங்கே பேசவிருப்பது. இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு மரபணு எந்த வாசல் வழியாக ஆய்வகத்துக்குள் வந்ததோ, அந்த வாசலே அதைப் பற்றி நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைப் பல ஆண்டுகளுக்குத் தீர்மானித்துவிட்டது.

முதலில் இந்தத் தேடல் ஏன் கடினம் என்று பார்த்துவிடலாம். பாக்டீரியாவில் இதே வகைப் புரதங்களை 1966, 1967-லேயே பிரித்துவிட்டார்கள்: வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் லாக் மரபணுக்களை இயங்கவிடாமல் தடுக்கும் ‘அடக்கி’ப் புரதத்தை, மார்க் டாஷ்னே லாம்டா வைரஸின் அடக்கியை. விலங்குச் செல் அப்படி வளைந்து கொடுக்கவில்லை. அதில் நூறு கோடிக்கும் மேற்பட்ட புரத மூலக்கூறுகள் உண்டு. அவற்றுள் ஒரு குறிப்பிட்ட காரணியின் பங்கு பெரும்பாலும் சில ஆயிரம் அல்லது சில பத்தாயிரம்தான். காரணி தேடும் எழுத்துவரிசையோ மிகச் சிறியது, ஏறத்தாழ 6 முதல் 12 எழுத்து. ஆறெழுத்து வரிசை ஒன்று தற்செயலாகவே 4,096 எழுத்துக்கு ஒரு முறை வரும். மனித மரபணுத் தொகுதியின் 300 கோடி எழுத்துகளில் அது 7 லட்சத்துக்கும் அதிகமான இடங்களில் வந்துவிடும். போதாததற்கு, இந்தப் புரதங்கள் சரியான வரிசையில் இறுக்கமாகவும் வேறெந்த டி.என்.ஏ.விலும் தளர்வாகவும் ஒட்டக்கூடியவை.

ஆகவே விலங்குகளில் முதலில் அகப்பட்டது, இந்தப் பஞ்சத்துக்கு விதிவிலக்கான ஒன்றுதான். ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல் வளரும்போது, புரதம் செய்யும் துகள்களான ரைபோசோம்களை மலைபோல் சேர்த்து வைக்கிறது. அதற்கு 5எஸ் ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறு ஏராளமாக வேண்டும். அதன் மரபணு சுமார் 120 எழுத்து நீளம். டொனால்ட் பிரவுனின் குழுவினர் 1980-இல் அந்த மரபணுவை முன்னிருந்தும் பின்னிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டுப் பகுதி மரபணுவுக்கு முன்னால் இருக்கும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். முன்பகுதி முழுவதையும் வெட்டிய பிறகும் படியெடுத்தல் நடந்தது! கட்டுப்பாடு மரபணுவின் நட்டநடுவில் இருந்தது. அதே ஆண்டில் ரோடரின் குழு அந்த நடுப்பகுதியில் ஒட்டும் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தது. அதன் பெயர் டி.எஃப்.3ஏ.

சுத்தம் செய்வது இங்கே எளிதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. முதிராத முட்டைச் செல்லில் இந்தப் புரதம் 5எஸ் ஆர்.என்.ஏ.வையே கட்டிப்பிடித்துக்கொண்டு துகள் துகளாகக் குவிந்து கிடக்கிறது. மரபணுவில் ஒட்டும் அதே புரதம், அந்த மரபணு தரும் ஆர்.என்.ஏ.விலும் ஒட்டுகிறது. 1984-இல் இதற்கான மரபணுப் பிரதி கிடைத்தது. 1985-இல் ஆரன் க்ளக்கின் ஆய்வகம் அதன் அமினோ அமில வரிசையில் ஒரு சீரான தாளத்தைக் கண்டது. ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அமைப்பு ஒன்பது முறை திரும்ப வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின். அந்த நான்கும் சேர்ந்து ஒரு துத்தநாக அணுவைப் பற்றி, சங்கிலியை விரல்போல மடிக்கின்றன என்றார்கள். ‘துத்தநாக விரல்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒரு தவளை முட்டையின் விசித்திரம் என்று அன்று தோன்றிய அந்த மடிப்பு, விலங்குகளின் படியெடுப்புக் காரணிகளிலேயே மிகப் பெரிய குடும்பத்தின் அடையாளமாக ஆனது. 1991-இல் வந்த படிக அமைப்பு, விரல்கள் டி.என்.ஏ.வின் அகன்ற பள்ளத்துக்குள் நுழைந்து வரிசையைப் படிப்பதை நேராகவே காட்டியது.

குவிந்து கிடக்காத காரணிகளை என்ன செய்வது? 1983-இல் வில்லியம் டைனனும் ராபர்ட் டிஜியனும், எஸ்.வி.40 வைரஸின் மரபணு முன்பகுதியில் ஒட்டும் எஸ்.பி.1 என்ற காரணி, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல் வகையான ஹீலாவின் சாற்றில் இருப்பதைக் காட்டினார்கள். அது ஒட்டும் இடம் துல்லியமாகத் தெரியும்: ஜி, சி எழுத்துகள் நிறைந்த சிறு பெட்டிகள். ஒட்டுவது எது என்றுதான் தெரியாது. வழக்கமான முறைகளில் சுத்தம் செய்யச் செய்யக் கைக்கு வருவது குறைந்துகொண்டே போனது.

1986-இல் ஜேம்ஸ் கடோனாகாவும் டிஜியனும் கையாண்ட உத்தி, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். பூட்டு தெரிந்தால் அதைக்கொண்டே சாவியைப் பிடிக்கலாம். எஸ்.பி.1 ஒட்டும் வரிசையைச் செயற்கையாகச் செய்து, பல துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, மணிமணியான ஜெல்லில் நிரந்தரமாகப் பிணைத்துக் குழாயில் நிரப்பினார்கள். செல் சாற்றை அதன் வழியே விட்டால் எஸ்.பி.1 நின்றுவிடும், மற்றவை ஓடிவிடும். உண்மையில் அப்படியே விட்டால் ஓடாது. டி.என்.ஏ. என்றாலே ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் செல்லில் ஏராளம். அவையும் ஜெல்லை அடைத்துக்கொள்ளும். அதனால் சாற்றைக் குழாயில் விடுமுன் சம்பந்தமில்லாத டி.என்.ஏ.வை அதில் கலந்தார்கள். எங்கும் ஒட்டும் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிட, தேர்ந்து ஒட்டும் எஸ்.பி.1 மட்டும் ஜெல்லில் தங்கியது. இரண்டே சுற்றில் 500 முதல் 1,000 மடங்கு சுத்தம். என் பார்வையில் இந்தத் துறையைத் திறந்துவிட்ட தனிப்பெரும் உத்தி அந்தக் கலப்பு டி.என்.ஏ.தான்.

புரதம் கிடைத்தாலும் மரபணு கிடைத்ததாகாது. புரதத்தைத் துண்டாக்கி, சில துண்டுகளின் அமினோ அமில வரிசையைப் படித்து, அந்த வரிசையைத் தரக்கூடிய டி.என்.ஏ. என்னவாக இருக்கும் என்று பின்னோக்கி ஊகிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். மெத்தியோனின், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு மூவெழுத்துச் சொல் உண்டு. லூசின், செரின், ஆர்ஜினின் ஒவ்வொன்றுக்கும் ஆறு. லூசினும் செரினும் நிறைந்த துண்டைத் தேர்ந்தால் ஊகங்களின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டும். அதனால் ஐயம் குறைந்த துண்டைப் பொறுக்கி, சாத்தியமான வரிசைகளின் கலவையைச் செய்து, அதில் கதிரியக்கம் ஏற்றித் துருவியாகப் பயன்படுத்துவார்கள். செல்லின் தூது ஆர்.என்.ஏ.க்களைப் பிரதியெடுத்துச் சேர்த்த குளோன் நூலகத்தில், லட்சக்கணக்கான குளோன்களுக்கிடையே அந்தத் துருவி எங்கே ஒட்டுகிறது என்று தேடுவார்கள். எஸ்.பி.1-க்கு 1987-இல் இப்படிக் கிடைத்த பிரதிகூட முழுமையானதல்ல, புரதத்தின் பின்பகுதியான 696 அமினோ அமிலங்களுக்கு உரியது. அதில் மூன்று துத்தநாக விரல்கள் இருந்தன.

1988-இல் ஹரிந்தர் சிங், ஃபிலிப் ஷார்ப் குழுவினர் புரதத்தைச் சுத்தம் செய்யும் வேலையையே தவிர்த்துவிட்டார்கள். நூலகத்தின் ஒவ்வொரு குளோனும் பாக்டீரியாவுக்குள் தன் புரதத்தைத் தயாரிக்கும்படி செய்து, ஒட்டும் வரிசையைக் கொண்ட கதிரியக்க டி.என்.ஏ.வால் அந்தப் புரதங்களைத் துழாவினார்கள். ஒட்டுகிற இடத்தில் இருக்கும் குளோனே தேடிய மரபணு. ஒரே புரதம் தனித்து ஒட்டுமானால் இது அருமையான வழி. இரண்டு வேறு புரதங்கள் சேர்ந்தால்தான் ஒட்டும் என்றால் உதவாது.

எஸ்.பி.1 ஒட்டுவதை வைத்துப் பிடிக்கப்பட்ட மரபணு. அது டி.என்.ஏ.வில் எங்கே அமர்கிறது, புரதத்தின் எந்தப் பகுதி படியெடுத்தலைத் தூண்டுகிறது என்பதெல்லாம் சீக்கிரம் தெரிந்தது. எஸ்.பி.1 இல்லாத பழ ஈச் செல்களில் அதன் துண்டுகளை ஏற்றிப் பார்த்து, குளூட்டமின் என்ற அமினோ அமிலம் மிகுந்த பகுதிகளே தூண்டும் வேலையைச் செய்கின்றன என்று 1988-இல் கண்டார்கள். ஆனால் முழு விலங்கில் அதன் வேலை என்ன? அந்தக் கேள்விக்கு 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுண்டெலியில் எஸ்.பி.1-ஐ முடக்கினால் கரு 11-ஆம் நாள் வாக்கில் இறந்தது. அதைவிட வியப்பு, எஸ்.பி.1-ஐ நம்பியிருப்பதாகக் கருதப்பட்ட பல மரபணுக்கள் அந்தக் கருவில் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தன.

வேறொரு வாசலில் நிலைமை இதற்கு நேர் எதிர். பழ ஈயில் ஆன்டெனாபீடியா என்ற மரபணு தவறான இடத்தில் இயங்கினால் தலையில் உணர்கொம்பு முளைக்க வேண்டிய இடத்தில் கால் முளைக்கும். மரபணுவின் வேலை என்ன என்று கண்ணுக்கே தெரிகிறது, மூலக்கூறுதான் தெரியாது. இங்கே புரதத்தைத் தேடவில்லை. குரோமோசோமில் தெரிந்த ஒரு துண்டிலிருந்து தொடங்கி, அதோடு ஓரம் பொருந்தும் அடுத்த துண்டு, அதற்கடுத்தது என்று நடந்தே மரபணுவை அடைந்தார்கள். ஆன்டெனாபீடியா மட்டுமே 1 லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீண்டது. அந்த நடையின் முடிவில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆன்டெனாபீடியாவின் துண்டைத் துருவியாக வைத்தால் அது தன் மரபணுவில் மட்டும் ஒட்டாமல் வேறு இரண்டு உருவாக்க மரபணுக்களிலும் ஒட்டியது. பாசெலில் வால்டர் கேரிங் ஆய்வகத்தில் வில்லியம் மெக்கின்னிஸ், மைக்கேல் லெவின் ஆகியோரும், இந்தியானாவில் மேத்யூ ஸ்காட், ஏமி வைனர் ஆகியோரும் தனித்தனியே 1984-இல் வெளியிட்டது இதைத்தான்: 180 எழுத்துகள் கொண்ட பொதுப் பகுதி, ஹோமியோபாக்ஸ். அதே ஆண்டில் அது தவளையிலும் கிடைத்தது.

அந்த 60 அமினோ அமிலங்கள் ஈஸ்ட்டின் இணைசேர்க்கைப் புரதங்களையும் பாக்டீரிய அடக்கிகளையும் ஒத்திருந்ததால், இவை டி.என்.ஏ.வில் ஒட்டுபவை என்ற ஊகம் உடனே எழுந்தது. எங்கே ஒட்டுகின்றன என்று பார்த்தபோதுதான் தலைவலி. காலை உண்டாக்கும் காரணியும் வேறோர் உடற்கண்டத்தை உண்டாக்கும் காரணியும் சோதனைக்குழாயில் கிட்டத்தட்ட ஒரே வரிசையில், டி.ஏ.ஏ.டி. என்ற நான்கெழுத்தைச் சுற்றியே ஒட்டின. ஒரே எழுத்தைப் படிப்பவை எப்படி வேறு வேறு உறுப்புகளை உண்டாக்கும்? விடையின் ஒரு பகுதி துணைப் புரதத்தில் இருந்தது. எக்ஸ்ட்ராடென்டிகிள் என்ற புரதம் பக்கத்தில் அமர்ந்தால், தனியே இருக்கையில் தெரியாத வேறுபாடுகள் வெளிப்படுகின்றன என்று 2011-இல் விரிவாகக் காட்டினார்கள். வேலை தெரிந்து உள்ளே வந்த மரபணுக் குடும்பத்துக்கு, ஒட்டும் இடம் தெளிவாக 27 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மூன்றாவது வாசல் ஹெரால்ட் வைன்ட்ராப் ஆய்வகத்துடையது. இந்தத் துறையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான சோதனையும் அதுவே. 10டி½ என்ற சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை (இணைப்புத் திசுச் செல்களை) 5-அசாசைட்டிடின் என்ற மருந்தில் சில காலம் வைத்தால், அவற்றில் கணிசமானவை தசையாக மாறுவது 1970-களிலேயே தெரியும். மருந்து, மரபணுக்களை உறங்க வைக்கும் மெத்தில் குறிகளை டி.என்.ஏ.விலிருந்து அழிக்கிறது. இத்தனை செல்கள் இவ்வளவு சுலபமாக மாறுகின்றன என்றால், விழிக்க வேண்டிய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்க முடியாது. ஒன்றோ ஒரு சிலவோதான் இருக்க வேண்டும். அவர்களுடைய தர்க்கம் இது. தசை முன்செல்லில் இருக்கும் தூதுப் பிரதிகளிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட்டிலும் இருப்பவற்றைக் கழித்தார்கள். மிஞ்சிய சிலவற்றை ஒவ்வொன்றாகச் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குள் ஏற்றினார்கள். 1987-இல் ஒன்று, ஒன்றே ஒன்று, செல்லைத் தசையாக்கியது. அதுவே மையோடி.

செல்லில் அதன் வேலையைப் பற்றி ஐயமே எழவில்லை. அப்படியானால் மையோடி இல்லாத சுண்டெலிக்குத் தசையே இருக்கக் கூடாதல்லவா? 1992-இல் மைக்கேல் ருட்னிக்கியும் ருடால்ஃப் யானிஷ் குழுவினரும் அப்படி ஓர் எலியை உருவாக்கினார்கள். அது பிறந்தது, வளர்ந்தது, தசைகளும் இருந்தன. அதன் உறவு மரபணுவான மிஃப்5 வழக்கத்தைவிட அதிகமாக இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து முடக்கிய எலிகளில் எலும்புத் தசையே இல்லை என்று 1993-இல் வெளிவந்ததும் விவகாரம் முடிந்ததாகத் தோன்றியது. முடியவில்லை. மிஃப்5-க்கு ஒட்டினாற்போல எம்.ஆர்.எஃப்.4 என்ற மூன்றாவது உறவு மரபணு இருக்கிறது. மிஃப்5-ஐ உடைத்த விதம் பக்கத்து மரபணுவையும் முடக்கியிருந்தது. அதைக் கெடாமல் விட்டுவைத்த எலிகளில், மற்ற இரண்டும் இல்லாவிட்டாலும், கருவில் ஓரளவு தசை உருவாவதை 2004-இல் காட்டினார்கள். மரபணுவை முடக்குவதே அதன் வேலையை அறியும் இறுதிச் சோதனை என்று பாடநூல்கள் சொல்லும். மையோடியின் கதையை அறிந்த பிறகு என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. முடக்கியும் மாற்றமில்லை என்றால் உறவினர் ஈடுகட்டியிருக்கலாம். மாற்றம் தெரிந்தால் பக்கத்து வீட்டுச் சுவரையும் இடித்திருக்கலாம்.

ஹோமியோபாக்ஸ் திறந்துவிட்ட நான்காவது வழி மிக எளியது, அதனாலேயே மிக அதிகமாகப் பயன்பட்டது. தெரிந்த காரணியின் பொதுப் பகுதியைத் துருவியாக்கி, வெப்பத்தைக் குறைத்து உப்பைக் கூட்டினால், முழுக்கப் பொருந்தாத உறவு வரிசைகளிலும் அது ஒட்டிக்கொள்ளும். டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். முறை வந்த பிறகு இது இன்னும் வேகமானது. புழு, ஈ, மீன், கோழி, மனிதர் என்று எந்த விலங்கிலும் உறவுக் காரணிகளைச் சில வாரங்களில் மீன்பிடிப்பதுபோல் பிடிக்க முடிந்தது. பிடிபட்டவற்றுக்கு வரிசை உண்டு, குடும்பப் பெயர் உண்டு. ஒட்டும் இடமும் தெரியாது, வேலையும் தெரியாது.

சில சமயம் இந்த வழி பொன்னைக் கொடுத்தது. 1994-இல் கேரிங்கின் ஆய்வகம் எலியிலும் மனிதரிலும் ஏற்கெனவே தெரிந்திருந்த பாக்ஸ்6 என்ற காரணியின் உறவு மரபணு ஒன்றைப் பழ ஈயில் கண்டது. அது குரோமோசோமில் இருந்த இடத்தைப் பார்த்தால், 1915-லேயே அறியப்பட்ட ‘கண்ணின்மை’ என்ற சடுதிமாற்றத்தின் இடம்! அதே பாக்ஸ்6 பழுதானால் எலியின் கண் சிறுக்கும், மனிதருக்குக் கருவிழிப்படலம் குறைபடும் என்பது 1991 முதல் தெரியும். 1995-இல் அந்த மரபணுவை ஈயின் காலிலும் இறகிலும் உணர்கொம்பிலும் இயங்க வைத்தபோது அங்கெல்லாம் கண் முளைத்தது. சுண்டெலியின் மரபணுவை ஏற்றியபோதும் முளைத்தது. முளைத்தவை எலிக் கண்கள் அல்ல, ஈயின் கூட்டுக் கண்கள். இந்தக் காரணி ‘இங்கே கண்’ என்ற கட்டளையைத்தான் தருகிறது. எப்படிப்பட்ட கண் என்பது அந்த விலங்கின் மற்ற மரபணுக்களின் பொறுப்பு.

ஒட்டும் இடத்தை அறியும் கருவிகளும் இதற்கிடையே வளர்ந்தன. புரதம் அமர்ந்த இடத்தை நொதி வெட்ட முடியாமல் விட்டுவைக்கும் வெற்றிடத்தைப் படிப்பது காலடித்தட முறை, 1978. புரதம் ஒட்டிய டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்வதைப் பார்ப்பது 1981-இல் வந்தது. இரண்டும் சோதனைக்குழாய்க்குள் நடப்பதைத்தான் சொல்லும். உயிருள்ள செல்லில் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் ஒட்டிய நிலையிலேயே பிணைத்து, ஆன்டிபாடியால் அந்தக் காரணியை மட்டும் இழுத்து, கூட வரும் டி.என்.ஏ.வை முழுதாகப் படிக்கும் முறை 2007-இல் சாத்தியமானது. என்.ஆர்.எஸ்.எஃப். என்ற காரணிக்கு மனித மரபணுத் தொகுதியில் 1,946 இடங்கள் அன்று ஒரே சோதனையில் கிடைத்தன. வேறு பல காரணிகளுக்கு எண்ணிக்கை பல்லாயிரத்தைத் தொட்டது. அத்தனையும் வேலை செய்யும் இடங்களா? 2014-இல் மனித ரத்தச் செல் வகை ஒன்றில் 59 காரணிகளின் அளவை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். ஒரு காரணி ஒட்டியிருந்த மரபணுக்களில் சிறு பகுதிதான் மாறியது. ஒட்டுவதைப் பார்த்ததும் கட்டுப்படுத்துகிறது என்று எழுதிவிடும் பழக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் இன்னும் போகவில்லை. அது போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மரபணுக்களைத் தனித்தெடுக்கும் பாடு இன்று இல்லை. புதிய விலங்கொன்றின் மரபணுத் தொகுதியைப் படித்துவிட்டால், துத்தநாக விரல், ஹோமியோபாக்ஸ் போன்ற அடையாளங்களைக் கணினியே தேடிப் பட்டியலிட்டுவிடும். மனிதருக்கு 2018-இல் தொகுத்த பட்டியலில் 1,639 காரணிகள். அவற்றில் 700-க்கும் மேற்பட்டவை டி.எஃப்.3ஏ-வில் முதலில் கண்ட அந்தச் சிஸ்டீன்-ஹிஸ்டிடின் விரல்கள் கொண்டவை. பட்டியலில் ஏறத்தாழ கால் பங்குக்கு, ஒட்டும் வரிசைகூட அன்று தெரியாது. இவற்றில் பெரும்பாலானவையும் விரல் குடும்பத்தவையே.

இந்தக் குடும்பத்தில் கே.ஆர்.ஏ.பி. என்ற அடக்கும் பகுதியும் சேர்ந்த பெருங்கிளை ஒன்று உண்டு. மரபணுத் தொகுதிக்குள் புகுந்து இடம் பெயரும் வைரஸ் எச்சங்களை அமுக்கி வைப்பது இவற்றில் பலவற்றின் வேலை. சுண்டெலியின் இசட்.எஃப்.பி.809 ஒரு ரெட்ரோவைரஸை அப்படி அடக்குவது 2009-இல் தெரியவந்தது. எதிரி இனத்துக்கு இனம் மாறுவதால் இந்த மரபணுக்களும் வேகமாகப் பெருகி மாறியிருக்கின்றன. மனிதரிடம் உள்ள பலவற்றுக்கு எலியில் நேர் இணையே கிடையாது. எனவே எலியில் முடக்கிப் பார்க்கும் வழி இவற்றுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. மனிதச் செல்லில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள ஒட்டைச் சேர்த்து, அது டி.என்.ஏ.வில் எங்கே அமர்கிறது என்று வரைபடம் போடுகிறார்கள். எஸ்.பி.1 வந்த அதே வாசல் வழியாக, நூற்றுக்கணக்கில் இவை இப்போது வந்துகொண்டிருக்கின்றன: ஒட்டும் இடம் தெரிந்து, முழு உடலில் என்ன வேலை என்று தெரியாமல்.